நிலநடுக்கப் பதிவின் வால்: கெய்ச்சி அகியும் அலைச் சிதறல் ஆய்வும்

முப்பது கிலோமீட்டர் தொலைவில் நிகழும் ஒரு சிறு நிலநடுக்கத்தின் பதிவை எடுத்துக்கொள்வோம். முதலில் பி அலை வருகிறது. அடுத்த சில விநாடிகளில் அதைவிட வலுவான எஸ் அலை வருகிறது. நிலநடுக்கம் தொடங்கிய பத்து விநாடிக்குள் இரண்டும் வந்துவிடுகின்றன. ஆனால் பதிவு அத்துடன் நிற்பதில்லை. ஒழுங்கில்லாத ஒரு நடுக்கம் மெல்லத் தேய்ந்துகொண்டே ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ நீளும். நிலநடுக்கவியலில் இந்த வாலுக்குக் கோடா என்று பெயர்.

இத்துறையின் பெரிய கண்டுபிடிப்புகளில் வாலுக்குப் பங்கே இருந்ததில்லை. 1909இல் மோஹொரோவிசிச் புவி மேலோட்டின் அடித்தளத்தைக் கண்டார். 1914இல் குட்டன்பர்க் கருவத்தின் எல்லையை ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் வைத்தார். 1936இல் இங்கே லேமான் கருவத்துக்குள் இன்னொரு கருவம் உண்டு என்றார். மூன்றுமே அலைகள் வந்துசேரும் நேரத்தைக் கணக்கிட்டுப் பெற்ற முடிவுகள். அந்தக் கணக்கில் வால் வெறும் தொந்தரவு. அலையின் தொடக்கத்தைக் குறித்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுவார்கள்.

விட்டுவிட்ட அந்த மிச்சத்தைத் தம் ஆய்வு வாழ்க்கையின் நடுவில் வைத்தவர் கெய்ச்சி அகி. 1930இல் யோகோஹாமாவில் பிறந்து, 1958இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, கால்டெக், எம்.ஐ.டி., தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் என்று பணியாற்றியவர். கடைசியில் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் குடியேறி 2005 மே மாதம் அங்கேயே காலமானார். அவர் எதிர்பார்த்த பயன் சிதறல் ஆய்வில் கிடைக்கவில்லை, எதிர்பாராத இடங்களிலிருந்து கிடைத்தது என்பதே இந்தத் துறையின் வரலாற்றைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது.

சிதறல் ஏன் நிகழ்கிறது? பாடநூல் படத்தில் பூமி அடுக்கடுக்காகச் சீராக இருக்கும். உண்மையான மேலோடு அப்படியில்லை. கருங்கல்லுக்குள் பழைய எரிமலைக் குழம்பு நுழைந்து இறுகியிருக்கும், பிளவுகள் இருக்கும், பிளவுகளில் நீர் இருக்கும். பாறையின் விறைப்போ அடர்த்தியோ மாறும் ஒவ்வோர் இடத்திலும் அலையின் ஒரு பகுதி திசை திரும்புகிறது. எவ்வளவு திரும்பும் என்பதைத் தீர்மானிப்பது தடையின் அளவுக்கும் அலைநீளத்துக்கும் உள்ள விகிதம். வானம் ஏன் நீலம் என்று பள்ளியில் படித்த ராலே சிதறலின் அடிப்படையும் இதுதான். எஸ் அலை மேலோட்டில் விநாடிக்கு 3.5 கிலோமீட்டர் செல்கிறது என்று கொண்டால், 1 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அதன் அலைநீளம் 3.5 கிலோமீட்டர்; 10 ஹெர்ட்ஸில் 350 மீட்டர். தன் அலைநீளத்தைவிட மிகச் சிறிய தடையை அலை ஏறக்குறைய உணராமலே கடந்துவிடும். தடையும் அலைநீளமும் ஒத்த அளவில் இருக்கும்போது சிதறல் கடுமையாகிறது. ஆகவே எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சிதறுகிறது என்று அளந்தால், கீழே உள்ள சீரின்மையின் அளவைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும்.

அகி இந்த இடத்துக்கு ஒரே பாய்ச்சலில் வரவில்லை. 1957இல் டோக்கியோவில் அவர் வெளியிட்ட கட்டுரை, நிலநடுக்கமே இல்லாத நேரத்தில் தரையில் ஓயாமல் ஓடும் நுண்ணதிர்வுகளைப் பற்றியது. வாகனங்களும் கடலலைகளும் உண்டாக்கும் அந்த அதிர்வை ஒரு வட்டத்தில் வைத்த கருவிகளால் பதிவு செய்து, அவற்றுக்கிடையே உள்ள ஒட்டுறவைக் கணக்கிட்டால், தரைக்கடியில் அலை எந்த வேகத்தில் செல்கிறது என்று அறியலாம் என்று காட்டினார். கட்டடப் பொறியாளர்கள் இன்றும் மண்ணின் விறைப்பை அறிய இம்முறையைப் பயன்படுத்துகிறார்கள். பிறர் சத்தம் என்று ஒதுக்குவதைப் புள்ளியியலால் பேசவைக்கும் பழக்கம் அவருக்கு அப்போதே இருந்தது.

பொது அறிவியலில் அவர் பெயர் நிலைத்தது வேறொரு காரணத்தால். 1964 ஜூனில் ஜப்பானின் நீகாட்டாவைத் தாக்கிய நிலநடுக்கத்தை ஆராய்ந்து, 1966இல் நிலநடுக்கத் திருப்புத்திறன் என்ற அளவை அறிமுகப்படுத்தினார். பாறையின் விறைப்புக் குணகம், நழுவிய பிளவுத்தளத்தின் பரப்பு, சராசரியாக நழுவிய தூரம் ஆகிய மூன்றின் பெருக்கம் அது. இன்று செய்திகளில் வரும் 7.8, 9.1 போன்ற எண்கள் இந்த அளவிலிருந்து ஹாங்க்ஸும் கனமோரியும் 1979இல் வகுத்த அளவுகோலின்படி பெறப்படுபவை. ரிக்டர் அளவு என்று நாளிதழ்கள் விடாப்பிடியாக எழுதிவருவது தனிக்கதை.

திருப்புத்திறனைச் சரியாகக் கணக்கிட வேண்டுமென்றால் அலை வந்த வழியில் என்ன இழந்தது என்று தெரிய வேண்டும். அந்தத் தேவையிலிருந்துதான் வாலின் கதை தொடங்குகிறது. 1966இல் கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் ஏற்பட்ட நிலநடுக்கத்தின் பின்னதிர்வுகளை ஆராய்ந்த அகி ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். பதிவின் முற்பகுதி ஒவ்வொரு கருவியிலும் ஒவ்வொரு விதமாக இருந்தது. ஆனால் குறிப்பிட்ட நேரம் கடந்ததும் வால் தேயும் விதம் எல்லாப் பதிவுகளிலும் ஒன்றுபோலவே இருந்தது. நிலநடுக்கம் அந்த வட்டாரத்தில் எந்த இடத்தில் நிகழ்ந்தாலும், கருவி எங்கே இருந்தாலும் தேய்வின் வளைகோடு ஒன்றே. பெரிய நிலநடுக்கம் என்றால் கோடு மொத்தமாக மேலே இருக்கும்; சிறியது என்றால் கீழே.

1969இல் அவர் தந்த விளக்கம் எளிமையானது. வாலில் வரும் அலைகள் நேர்வழியில் வந்தவையல்ல. சுற்றுவட்டாரம் முழுவதும் பரவி, எண்ணற்ற தடைகளில் பட்டுத் திரும்பி வந்தவை. அவ்வளவு பரப்பைச் சுற்றி வந்தபின் புறப்பட்ட இடத்தின் விவரம் கரைந்துவிடுகிறது, வட்டாரத்தின் சராசரி மட்டுமே மிஞ்சுகிறது. 1975இல் தம் மாணவர் பெர்னார்ட் ஷூவேயுடன் சேர்ந்து இதைக் கணிதமாக்கினார். அலை ஒரே ஒருமுறை சிதறித் திரும்புவதாகக் கொள்வது ஒரு மாதிரி; பலமுறை சிதறி விரவுவதாகக் கொள்வது இன்னொன்று. இரண்டிலும் தேய்வின் வேகத்தைக் குறிக்கக் கோடா க்யூ என்ற எண் வந்தது. அது பெரிதாக இருந்தால் வால் மெதுவாகத் தேயும். பழைய, உறுதியான கண்டப் பகுதிகளில் அந்த எண் பெரிது; நிலநடுக்கம் மிகுந்த பகுதிகளில் சிறிது.

வாலின் நிலைத்தன்மை நேரடிப் பயனையும் தந்தது. நேரலையின் வீச்சு, கருவி எந்தத் திசையில் இருக்கிறது, பிளவு எந்தப் பக்கம் கிழிந்தது என்பதைப் பொறுத்து வெகுவாக மாறும். வாலில் அந்த வேறுபாடெல்லாம் சராசரியில் அடங்கிவிடுகிறது. அதனால் ஒரே ஒரு நிலையத்தின் வாலைக் கொண்டே நிலநடுக்கத்தின் அளவை நம்பகமாகச் சொல்ல முடிகிறது. நிலத்தடி அணுகுண்டுச் சோதனையின் ஆற்றலை மதிப்பிட அமெரிக்க ஆய்வகங்கள் இதைப் பயன்படுத்தியதில் வியப்பில்லை. மேலும், ஒரே வட்டாரத்தில் இரண்டு நிலையங்களின் வால்களை ஒப்பிட்டால் எந்த மண் அதிர்வை எவ்வளவு பெருக்குகிறது என்பது தெரியும். தளர்ந்த வண்டல்மீது கட்டிய நகரங்களுக்கு அது முக்கியமான செய்தி.

அணுகுண்டு என்றதும் பனிப்போரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்தத் துறை வளர்ந்தது பெரும்பாலும் அந்தப் பணத்தில்தான். 1963 ஒப்பந்தம் வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் சோதனைகளைத் தடைசெய்தது; நிலத்தடியை விட்டுவிட்டது. சோவியத் சோதனைகளை வேவு பார்க்க அமெரிக்கா 1965இல் மொன்டானா சமவெளியில் 525 நிலநடுக்கமானிகளை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் அகலத்துக்குப் பரப்பியது. லாசா என்பது அந்த அணியின் பெயர். பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில் பிரிட்டிஷ் ஒத்துழைப்புடன் இந்திய அணுசக்தித் துறை அமைத்த கருவி அணியும் அதே காலத்தது, அதே நோக்கத்தது.

தொலைதூர அலை எல்லாக் கருவிகளையும் ஒரே மாதிரி வந்தடையும், சேர்த்துக் கூட்டினால் தெளிவு கிடைக்கும் என்பது லாசாவைக் கட்டியவர்களின் எண்ணம். அலைகளோ அடுத்தடுத்த கருவிகளிலேயே வேறுவேறு வீச்சில், வேறுவேறு நேரத்தில் வந்தன. பொறியாளர்களுக்குத் தலைவலியாக இருந்த இது அகிக்குத் தரவாகியது. 1973இல் அவர் அந்த ஏற்ற இறக்கங்களைக் கொண்டு மொன்டானாவின் அடியில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் ஆழம்வரை, 10 கிலோமீட்டர் அளவிலான சீரின்மைகள், சராசரியாக 4 விழுக்காடு வேக வேறுபாட்டுடன் இருப்பதாகக் கணக்கிட்டார். எந்த இடத்தில் எது என்று அந்தக் கணக்கு சொல்லாது. அது புள்ளியியல் விவரிப்பு மட்டுமே.

நான்கே ஆண்டுகளில் அவரே மறுபக்கம் போய் நின்றார். 1977இல் கிறிஸ்டோஃபர்சன், ஹுஸேபி ஆகியோருடன் சேர்ந்து, அத்தகைய தரவையே வைத்து, கருவி அணிக்கு அடியில் வேகம் கூடிய, குறைந்த பகுதிகளை இடம் குறித்து முப்பரிமாணப் படமாக வரைந்தார். மருத்துவமனை சி.டி. ஸ்கேனைப் போன்ற நிலநடுக்க டோமோகிராஃபியின் தொடக்கங்களில் ஒன்று அது. இன்று டோமோகிராஃபிக்காரர்களும் சிதறல்காரர்களும் தனித்தனி மாநாடுகளில் தனித்தனி மொழியில் பேசுகிறார்கள். இரண்டு முறைகளையும் வேறுபடுத்துவது கருவிகளின் நெருக்கம்தான். அவை பிரித்துக் காணக்கூடிய அளவுக்குப் பெரியதை வரைபடமாக்கலாம். அதற்குச் சிறியதைச் சராசரியாக மட்டுமே சொல்லலாம். இந்த எல்லைக்கோடு இயற்கையில் இல்லை என்பதைச் செயலிலேயே காட்டியதுதான் அகியின் பணிகளில் மிக ஆழமானது என்று எண்ணுகிறேன்.

சிதறலுக்கு மறுக்க முடியாத சான்று பூமியிலிருந்து வரவில்லை. 1969 நவம்பர் 20 அன்று அப்போலோ 12 வீரர்கள் தாங்கள் நிலவிலிருந்து ஏறிவந்த கலத்தை வேண்டுமென்றே நிலவின் தரையில் மோதவிட்டார்கள். எழுபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் அவர்கள் வைத்துவிட்டு வந்த கருவி அதைப் பதிவு செய்தது. அதிர்வு பல நிமிடங்கள் மெல்ல ஏறி உச்சம் தொட்டு, ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீடித்தது. நிலா மணிபோல ஒலித்தது என்று அப்போது எழுதினார்கள்; இன்னும் எழுதுகிறார்கள். அது தவறான உவமை. மணிக்குத் தனக்கென்று சுரங்கள் உண்டு. இந்தப் பதிவில் எந்தச் சுரமும் இல்லை. விண்கற்கள் அடித்து நொறுக்கிய நிலவின் மேற்பகுதியில் அலை கணந்தோறும் சிதறுகிறது. நீரே இல்லாத உலர்ந்த பாறையாகையால் ஆற்றல் வெப்பமாக மாறி மறைவதும் மிகக் குறைவு. இரண்டும் சேரும்போது அலை ஓட்டம் விரவலாகிவிடுகிறது. தண்ணீரில் விட்ட மைத்துளியைப் போல ஆற்றல் எல்லாப் பக்கமும் மெல்லப் பரவுகிறது. 2018இல் செவ்வாயில் இறங்கி 2022வரை இயங்கிய இன்சைட் கலத்தின் பதிவுகளில் சிதறல் பூமியைவிட அதிகம், நிலவைவிடக் குறைவு.

பூமிக்குள்ளும் சிதறலின் அளவு இடத்துக்கு இடம் வெகுவாக மாறுகிறது. ஒரு சிதறலுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட சராசரித் தூரம் சாதாரண மேலோட்டில் நூறு கிலோமீட்டர் அளவில் இருக்கும். இந்தோனேசியாவின் மெராப்பி எரிமலையில் அது நூறு மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

இன்னும் ஆழத்தில் விவாதம் சூடானது. கருவத்தைக் கடந்து வரும் பி அலைக்குச் சில விநாடி முன்பே மெல்லிய ஓர் அதிர்வு வருவது நெடுங்காலமாகத் தெரியும். கருவத்துக்குள் கூடுதலாக ஓர் அடுக்கு இருப்பதால் அது வருகிறது என்றுதான் பலர் நம்பினார்கள். 1972இல் கிளியரியும் ஹாடனும், அது மேலோட்டுக்கும் கருவத்துக்கும் இடைப்பட்ட கவசத்தின் அடித்தளத்தில் சிதறிய அலை என்று காட்டினார்கள். அந்த அடுக்கு பாடநூல்களிலிருந்து மறைந்தது. 1997இல் ஹெட்லின், ஷியரர், ஏர்ல் ஆகியோர் சிதறல் கவசம் முழுவதும் இருப்பதாகவும், சீரின்மை ஏறத்தாழ 8 கிலோமீட்டர் அளவிலும் 1 விழுக்காடு வேக வேறுபாட்டிலும் இருப்பதாகவும் எழுதினார்கள். பலமுறைச் சிதறலையும் கணக்கில் கொண்டு 2003இல் மார்ஜெரினும் நோலேயும் மறுபடி கணக்கிட்டபோது வேறுபாடு 0.1, 0.2 விழுக்காடு என்ற அளவுக்குக் குறைந்தது. ஒரே வகைத் தரவுக்குப் பல மடங்கு வேறுபடும் விடைகள்! கணக்கில் எடுத்துக்கொண்ட அனுமானம் விடையை எவ்வளவு தூரம் ஆட்டிவைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

பழைய தரவின் அருமையைக் காட்டும் ஒன்றையும் சொல்லிவிடலாம். லாசா 1978இல் மூடப்பட்டது. சோவியத் நாடு 1971, 1974 ஆண்டுகளில் நோவயா செம்லியா தீவில் நடத்திய இரு சோதனைகளை அது பதிந்துவைத்திருந்தது. 2000இல் விடால், டாட்ஜ், ஏர்ல் ஆகியோர் அந்த நாடாக்களை எடுத்து, உட்கருவத்தில் சிதறிவந்த அலைகளை ஒப்பிட்டு, உட்கருவம் மற்றப் பூமியைவிட ஆண்டுக்கு 0.15 பாகை வேகமாகச் சுழல்வதாகக் கணக்கிட்டார்கள். அது எவ்வளவு, தொடர்ச்சியானதா என்பதெல்லாம் இன்றும் சர்ச்சையில் உள்ளன. வேவு பார்க்கச் சேர்த்த பதிவிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்ததே பெரிது.

கோடா க்யூவுக்கு வருவோம். வால் தேய்வதற்கு இரண்டு காரணங்கள்: சிதறல் ஆற்றலை வேறிடத்துக்கு அனுப்பிவிடுகிறது, உறிஞ்சல் அதை வெப்பமாக்கிவிடுகிறது. அந்த ஓர் எண் எதைக் காட்டுகிறது? 1985இல் வு ரு-ஷான் இரண்டையும் பிரிக்க வழி வகுத்தார். ஹருவோ சாட்டோ, ஹோஷிபா, ஃபெலர் முதலியோர் அதை வளர்த்து, பதிவை நேரவாரியாகக் கூறுபோட்டு, ஒவ்வொரு கூறிலும் ஆற்றல் தொலைவோடு எப்படி மாறுகிறது என்று பார்க்கும் முறையை உருவாக்கினார்கள். அதன் பிறகும் 1975இன் ஒருமுறைச் சிதறல் சூத்திரத்தில் தரவைப் போட்டு ஒரு க்யூ எண்ணை எடுத்து வெளியிடும் கட்டுரைகள் உலகெங்கும் வந்துகொண்டே இருக்கின்றன. இந்தியாவில் இமயம், கொய்னா, கட்ச் என்று வட்டாரம் வட்டாரமாக வந்திருக்கின்றன. வாலின் எந்தப் பகுதியை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும். வெவ்வேறு நேர இடைவெளியில் எடுத்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை. ஆய்வேடு எழுத எளிதான வழி என்பதைத் தாண்டி அவற்றில் பலவற்றுக்கு மதிப்புக் குறைவு என்றே சொல்வேன்.

அகியின் பெரிய ஆசை நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்வது. பாறையில் அழுத்தம் ஏறும்போது நுண்பிளவுகள் கூடும். கூடினால் சிதறல் மாறும். அது வாலில் தெரியும் என்பது தர்க்கம். 1975இல் ஹைசெங், 1976இல் தாங்ஷான் ஆகிய சீன நிலநடுக்கங்களின் காலத்துப் பதிவுகளைச் சீன ஆய்வாளர் ஜின் அன்ஷுவுடன் சேர்ந்து ஆராய்ந்து, 1986இல் கோடா க்யூவில் மாற்றம் இருந்ததாக வெளியிட்டார். தாங்ஷானில் மட்டும் அதிகாரபூர்வக் கணக்கின்படியே 2,40,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள் என்பதை நினைத்தால் அந்த ஆசையின் வேகம் புரியும். ஆனால் சோதனை கடுமையானபோது கருத்து தாங்கவில்லை. முன்னும் பின்னும் நடந்த நிலநடுக்கங்கள் ஒரே இடத்தவையல்ல என்றால் அந்த இட மாற்றமே க்யூ மாற்றமாகத் தோற்றமளிக்கும். 1989இல் கலிபோர்னியாவைத் தாக்கிய லோமா பிரியேட்டா நிலநடுக்கத்தில், ஏறத்தாழ ஒரே இடத்தில் ஒரே விதமாக நிகழ்ந்த சிறு அதிர்வுகளை மட்டும் பொறுக்கி ஒப்பிட்டார்கள் பெரோசா, கோல், எல்ஸ்வர்த். 1995இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: முன்கூட்டிய மாற்றம் ஏதேனும் இருந்தால் அது 5 விழுக்காட்டுக்கும் குறைவு. அகி தம் கருத்தை எளிதில் கைவிடவில்லை. மேலோட்டின் நொறுங்கும் பகுதிக்கும் இளகும் பகுதிக்கும் இடைப்பட்ட எல்லையை வைத்துப் புதிய விளக்கங்கள் தந்தார். சான்று அவர் பக்கம் வரவில்லை.

பலன் வேறு கதவு வழியாக வந்தது. பிரான்ஸின் கிரனோபிளில் நிலநடுக்கவியலாளர் மிஷேல் காம்பியோவும் ஒளிச் சிதறலை ஆராய்ந்த இயற்பியலாளர்களும் கைகோத்தார்கள். பலமுறை சிதறிய அலையில் பி, எஸ் ஆற்றல்கள் குறிப்பிட்ட விகிதத்தில் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஆற்றல் சமபங்கீட்டிலிருந்து வரும் முடிவு. எல்லையற்ற சாதாரணப் பாறையில் எஸ் ஆற்றல் பி ஆற்றலைப்போல் 10.4 மடங்கு, தரைமட்டத்தில் அது குறையும். மெக்சிகோவின் கெரேரோ கடற்கரைப் பதிவுகளில் வால் எவ்வளவு தேய்ந்தாலும் இந்த விகிதம் மாறாமல் நிற்பதைக் கண்டார்கள். அதாவது வால் உண்மையிலேயே எல்லாத் திசையிலும் கலந்துவிட்ட அலை. 2003இல் காம்பியோவும் ஆன் பாலும், இரண்டு நிலையங்களின் வால்களுக்கிடையே ஒட்டுறவைக் கணக்கிட்டால் ஒரு நிலையத்தில் தட்டியதை இன்னொன்றில் கேட்டது போன்ற பதிவு கிடைக்கிறது என்று காட்டினார்கள். நிலநடுக்கமே வேண்டாம், கடலலை எழுப்பும் ஓயாத இரைச்சலே போதும் என்று 2005இல் ஷாபிரோவும் குழுவினரும் கலிபோர்னியாவின் மேலோட்டைப் படமெடுத்தார்கள். அகியின் 1957 கட்டுரையில் இதன் கரு இருக்கிறது. அவரே தம் வால் ஆய்வையும் நுண்ணதிர்வு ஆய்வையும் இணைக்கவில்லை. அது பிறர் செய்த வேலை.

1990களின் நடுவில் அகி குடியேறிய ரீயூனியனில் இருப்பது பித்தோன் தெ லா ஃபூர்னேஸ், உலகின் மிகச் சுறுசுறுப்பான எரிமலைகளில் ஒன்று. அங்கே ஃபெராசினியுடன் சேர்ந்து, எரிமலைப் பதிவுகளின் வாலைக் கொண்டு குழம்பு எந்த வழியில் ஏறுகிறது என்று ஆராய்ந்தார். 2000இல் வந்த கட்டுரையின் தலைப்பிலேயே முன்கணிப்பு என்ற சொல் இருந்தது. அவர் இறந்து மூன்றாண்டு கழித்து, 2008இல், புளோரான் பிரெங்கியேயும் குழுவினரும் அதே எரிமலையின் இரைச்சல் பதிவுகளை ஒட்டுறவு முறையில் ஆராய்ந்தார்கள். வெடிப்புக்குச் சில நாள் முன்னதாக எரிமலைக்குள் அலைவேகம் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் குறைவதைக் கண்டார்கள். இவ்வளவு சிறு மாற்றத்தை நேர்வழியில் வரும் அலையால் பிடிக்க முடியாது. சுற்றிச் சுற்றி வந்து நெடுவழி கடந்த அலை, சிறு வேக மாற்றத்தைத் தன் தாமதத்தில் திரட்டிக்கொண்டு வருகிறது. தேய்வில் தேடியபோது கிடைக்காத முன்னறிகுறி, தாமதத்தில் தேடியபோது எரிமலையில் மட்டும் ஓரளவு கிடைத்தது. பெரும் நிலநடுக்கங்களுக்கு இதுவரை அப்படி நம்பத்தக்க எதுவும் இல்லை.

நம் கல்லூரி இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இலங்கையில் கண்டிக்கு அருகே பல்லேகலையில் உலகளாவிய நிலநடுக்க வலையமைப்பின் நிலையம் ஒன்று இயங்குகிறது. அதன் பதிவுகளை யாரும் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். அப்போலோ பதிவுகளும் அப்படியே கிடைக்கின்றன. ஒரு மடிக்கணினியும் இலவச மென்பொருளும் இருந்தால் முதுகலை மாணவர் ஒருவர் ஒரு பருவத்துக்குள் வாலின் தேய்வைத் தாமே அளந்து பார்க்கலாம். ஒருமுறைச் சிதறல் சூத்திரத்தோடு நிறுத்திவிடாமல், வாலின் வெவ்வேறு பகுதிகளை எடுத்தால் விடை ஏன் மாறுகிறது என்று அவரையே விளக்கச் சொல்லுங்கள்.